ஆறு மணிக்குப் பெற்றோர் கூட்டம்

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டிய அரசுப் பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஒவ்வொரு வகுப்பாகப் போய்ச் சுற்றறிக்கை வாசிப்பது என் வேலை. என் குரல் கணீரென்று இருக்குமாம். ஒரு முறை வந்த தாளில், வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்றிருந்தது. நான் எல்லா வகுப்பிலும் ஆறு மணி என்று வாசித்துவிட்டேன்.

பெரிய திட்டமெல்லாம் இல்லை. அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். வீடு திரும்ப ஐந்தரை ஆகும். எங்கள் பிளாக்கில் பாதி அம்மாக்கள் அப்படித்தான். கூட்டத்துக்கு எப்போதும் வருகிறவர்கள் வெளித்தெருவில் சொந்த வீடு வைத்திருந்த நாலைந்து பேர். "பிளாக்குல இருக்கிறவங்களுக்கு அக்கறையே கிடையாது மேடம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னது, முந்தைய கூட்டத்துக்கு டீ கொண்டுபோன என் காதில் விழுந்திருந்தது.

அந்த நாலைந்து பேருக்கும் தலைமையாசிரியையே போனில் சொல்லிவிடுவார். அன்றும் மூன்று மணிக்கு வந்து பேசிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்ச வேலையை முடித்துவிட்டு, தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்கத் தலைமையாசிரியை கிளம்பியபோது கேட்டில் நாற்பது பேர் நின்றார்கள்.

"மீட்டிங் அப்பவே முடிஞ்சிடுச்சே! ஆறு மணின்னு யார் சொன்னது?"

"பசங்கதான் மேடம் நோட்டுல எய்திகினு வந்துச்சுங்க" என்றார் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர்.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாவியை எடுத்து ஒரு வகுப்பறையைத் திறந்தார்.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதலில் அம்மாதான் எழுந்தாள்.

"பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி வர்ல மேடம். அதுக்குப் பயந்துகினு எம் பொண்ணு காலைல வந்தா சாயங்காலம் வரிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்காம கீது. இத யார்கிட்ட சொல்றதுன்னே தெரில."

எனக்கு மானமே போனது. ஆனால் பின்வரிசையிலிருந்து "எம் பொண்ணும் அப்படித்தான்" என்றது ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. தலைமையாசிரியை எழுதிக்கொண்டே இருந்தார். பிளம்பர் வேலை பார்க்கும் ஓர் அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்து குழாயைச் சரிசெய்தார். இனிமேல் கூட்டம் ஆறு மணிக்குத்தான் என்றும் அன்றே முடிவாயிற்று.

வீடு வரைக்கும் அம்மா என் தோளை இறுகப் பிடித்தபடி வந்தாள். என் திருட்டுத்தனம் தெரிந்துவிட்டது, உள்ளே போனதும் அடி விழும் என்று பயந்துகொண்டே நடந்தேன். அடி விழவில்லை. அத்தனை பேர் முன்னால் முதல்முறையாக எழுந்து பேசியவளுக்குக் கால் நடுங்கியிருக்கிறது, விழாமல் நடக்கத்தான் என்னைப் பிடித்திருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.