இடப்பக்கத்தவருக்கு முதல் கடதாசி

ஃபக்டரி மூடி, நான் வேலையில்லாமல் இருந்த காலம். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் தர்ம காரியங்களுக்குக் காசு சேர்க்கவென்று மண்டபங்களில் சூதாட்டம் நடத்துவார்கள். ஸ்காபரோவில் அப்படி ஒரு மண்டபத்தில் போக்கர் மேசைக்கு டீலர் தேவை என்று அறிந்து வகுப்புக்குப் போனேன். டீலர் விளையாடுவதில்லை. சீட்டுக் கடதாசியைக் கலைத்துப் போடுவதும் மேசையைக் கவனிப்பதும்தான் வேலை. மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற மனிசன், சூதுக்குக் கடதாசி போடப் போறீங்களோ?"

"நான் விளையாடேல்லையப்பா. போட்டுத்தானே குடுக்கிறன்."

 ஆனாலும் வகுப்பு முடிந்து மண்டபத்துக்கு முதல் நாள் வேலைக்குப் புறப்படும்போது அவள்தான் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

அந்த முதல் நாள்தான் பரீட்சை. மேற்பார்வை செய்த வெள்ளைக்காரப் பெண்மணி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: பிழை விட்டால் திருத்தலாம், அதே பிழையைத் திரும்ப விட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மேசையில் ஒரு வெள்ளை வட்டு இருக்கும். அது யார் முன்னால் இருக்கிறதோ, அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவருக்கே முதல் கடதாசி போக வேண்டும். வகுப்பில் இதை ஒருநாளும் பிழை விட்டதில்லை. ஆனால் அன்று ஒன்பது முகங்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. விரல்கள் வியர்த்துக் கடதாசி ஒட்டியது. முருகா என்று மனதுக்குள் சொல்லிப் போடத் தொடங்கினேன். ஒரு சுற்று முடியவும்தான் மேசை முழுக்கச் சிரிப்பது விளங்கியது. நான் வலப்பக்கமாகப் போட்டிருந்தேன்.

நாங்கள் ஊரில் இளவயதிலிருந்து விளையாடிய முன்னூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் கடதாசி வலப்பக்கமாகத்தான் போகும். பயம் வந்ததும் கை தன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

தொப்பி போட்ட கிழவர் ஒருவர், உங்கள் நாட்டில் மணிக்கூடு பின்பக்கமாகவா ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, கடதாசியைத் திரும்ப வாங்கிக் கலைத்தேன். மேற்பார்வைப் பெண்மணி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய நிழல் மேசையில் விழுந்தது.

மறுபடி போட வேண்டும். இடம் எது வலம் எது என்றே தலைக்குள் குழம்பிவிட்டது. திரும்பவும் பிழை விட்டால் வீட்டில் என்ன சொல்வேன்? மேசை நடுவை வெறித்துப் பார்த்தபடி இருந்தேன். பந்தயச் சில்லுகள் குவியும் இடம் அது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. மூலஸ்தானத்துக்கு முன்னால் கும்பிட்டு நின்று, கோயில் வீதியைச் சுற்றத் தொடங்கும்போது இடப்பக்கம்தானே திரும்புவோம்? சுவாமியை வலது பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே சுற்றுவோம்? கடதாசியும் அப்படித்தான் போக வேண்டும். முன்னூற்றிநாலுதான் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது.

சூதாட்ட மேசையில் கோயிலை நினைத்ததற்கு உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, வட்டுக்கு இடப்பக்கத்திலிருந்து போட்டேன். அடுத்ததையும் போட்டேன். கை வழி தவறவில்லை. சில சுற்றுகளுக்குப் பிறகு மேசையில் நிழலைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவர் வேறொரு மேசைக்குப் போயிருந்தார். வேலை முடிந்து நான் புறப்படும்போது, நாளைக்கும் வரச் சொன்னார்.

வீட்டில் மனைவியிடம் கோயிலை நினைத்துக் கடதாசி போட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வேலை கிடைச்சது சந்தோசம். ஆனா உதைக் கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."