காப்பு அவிழாத திருவிழா

என் வீட்டுக்காரருக்குச் சாமி வரும். மலாயாவில், கிள்ளானுக்கு அப்பால் நாங்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழா என்றால் அவர்தான் வாக்குச் சொல்வார். சாமி வந்தால் புலி. இறங்கினால் பெரிய கங்காணி முன்னால் வாய் திறக்காத பூனை. இந்த மனுஷனோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் நாங்கள் குடியிருந்த கூலி லயத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். என் மகளுக்கும் கண்டது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை யாரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அவிழ்த்த மறுநாளே பிள்ளையைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மற்றவர்களோ வேறு தோட்டத்துக்கே ஓடிவிட மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கங்காணிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கடைசி நாள் காலையில் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"ஆளு போயிட்டா தொரை என்னைத்தான் கேப்பாரு பூசாரி. இன்னும் மனசு குளிரல, காப்பை அவுக்காதீங்கன்னு அம்மா சொல்லட்டும்."

"அம்மா சொல்றதை நீங்க எப்படிங்க சொல்லலாம்?" என்று கேட்டேன்.

"பொம்பளை நீ உள்ள போ" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

சாயங்காலம் உடுக்கை அடித்தார்கள், சாமி வந்தது, கங்காணி சொன்னதும் அப்படியே வந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தது. மூட்டைகளை அவிழ்த்துவிட்டார்கள்.

விடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டேன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. "வாங்க, போகலாம்" என்றேன். அவர் நகரவில்லை.

"காப்பு இருக்குல்ல, எப்படிப் போறது?"

"அட கடவுளே! கங்காணி சொல்லிக்குடுத்ததைத்தானே சொன்னீங்க!"

"நான் எங்கடி சொன்னேன்? அம்மால்ல சொன்னா!"

கண்ணில் நிஜமான பயம். தான் சொன்ன பொய்க்குத் தானே நடுங்குகிற ஆளிடம் என்னத்தைப் பேச? எக்கேடோ கெடட்டும் என்று நான் நடந்தேன். எல்லை வாய்க்கால்வரை பின்னாலேயே அழுதுகொண்டு வந்தார், தாண்டவில்லை.

மகள் பிழைத்தாள். தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் கங்காணி இன்னொரு வாக்கும் வாங்கியிருந்தார். எல்லை தாண்டியவளை அம்மா இந்த ஒரு தடவை மன்னித்துவிட்டாளாம். இனி எவள் தாண்டினாலும் பொறுக்கமாட்டாளாம்.

பக்கத்து வீட்டுக்காரியின் பையனுக்கும் அதே காய்ச்சல். "வாடி, நானும் கூட வரேன், என் பிள்ளை பொழைக்கலையா?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா சொல்லிட்டாளே அக்கா" என்றாள்.

அவனைத் தோட்டத்திலேயே புதைத்தோம். எல்லோருக்கும் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் என்னிடமும் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.