மன்சூர் நானாவின் கிரில்லும் என் மிளகும்

பல்லேபொல வாழ் பெருமக்களே, நான் எழுதப்போகும் இந்த வரலாற்றை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று மூன்று தரம் சத்தியம் செய்கிறேன். என் சொல்லை நம்பாமலே பழகிய ஊர் இது.

செவ்வாய்க்கிழமை காலை முற்றத்துப் பாயில் காயப்போட்ட மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மன்சூர் நானாவின் மகள் சபீனா வேலியோரம் வந்து நின்றாள். "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபஹு தொழ எழுப்பப் போனேன், எழும்பல." அன்றைக்கு மிளகை நான் பிறகு கிளறவேயில்லை.

கல்யாண வீடுகளில் இறைச்சி சுடுபவர் என்றுதான் ஊர் அவரை அறியும். அவரோ தன்னைக் கிரில் கழுவுபவர் என்றே சொல்லிக்கொள்வார். கட்டாரிலிருந்து மைத்துனர் அனுப்பிய நான்கு பர்னர் கேஸ் கிரில் அது. சமைத்து முடிந்ததும் மூடியை இறக்கி, நெருப்பைக் கூட்டிப் பத்து நிமிடம் எரியவிடுவார். அணைத்துவிட்டு, சூடு தணியுமுன் கம்பிகளைத் துலக்குவார். கடைசியில் பாதி வெங்காயத்தை முள்ளில் குத்தி ஒரு தேய்ப்பு. "ஆறவிட்டா கொழுப்பு சீமெந்தாகிரும் தம்பி" என்பார். சிலிண்டர் மாற்றினால் குழாய்ப் பூட்டில் நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். "மூக்கு பொய் சொல்லும், சவர்க்கார நுரை சொல்லாது." அந்தக் கிரில்லின் மூடியில் தன் முகத்தைக் கண்ட ஒரு குரங்கு, வெட்கம் தாங்காமல் இரத்தோட்டை வரை ஓடி, அங்கிருந்து பஸ் பிடித்து ரிவர்ஸ்டன் மலையில் குடியேறிவிட்டது. டிக்கெட் எடுத்ததா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, சில வருடம் முந்திய ஒரு பெருநாளுக்கு வருவோம். சபீனாவைப் பெண் பேச மாத்தளை டவுனிலிருந்து ஒரு ஹாஜியார் குடும்பம் வருவதாக இருந்தது. சாப்பாட்டுக் கடை நடத்துபவர். சட்டியில் ஒரு கரும்புள்ளி கண்டால் சமையல்காரரையே மாற்றிவிடுவார் என்று பேச்சு. அவருடைய மகனைத் தவிர வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்றிருந்தாள் சபீனா. மகளுக்கு இந்த இடம் தவறக்கூடாதே என்று நானாவுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்திய பத்து நாளும் நானா அக்குறணையில், சுகமில்லாத தாத்தா வீட்டில் இருந்தார். தாத்தா என்றால் அவருடைய மூத்த சகோதரி. இங்கே மழை. மழையென்றால், மகாவலியைத் தூக்கி என் முற்றத்தில் கவிழ்த்த மழை. பாயில் என் மிளகு. வேலிக்கு அப்பால், நல்ல கனமான உறைக்குள் நானாவின் கிரில். வரலாறு அந்த இடத்தில் சற்று இடறியது. நானா திரும்பிவருவதற்கு முதல்நாள் உறையை உதறிப் பழையபடி போர்த்திவிட்டேன்.

பெருநாளன்று மதியம் ஹாஜியார் முன்னிலையில் நானா உறையைத் தூக்கினார். அதன் மடிப்பிலிருந்து நான்கு மிளகு உருண்டு விழுந்தன. நானா அவற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செருப்புக்காலை அவற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

இரண்டு பர்னர் மஞ்சளாக அழுதது. இரண்டு பற்றவேயில்லை.

"மன்சூர் நானா, ஒங்கட அடுப்பப் பத்தி மாத்தளையே பேசுது. இதுதானா அது?" என்றார் ஹாஜியார். சபீனா ஜன்னலுக்குப் பின்னால் மறைந்தாள்.

நானா சிலிண்டர் வால்வை மூடினார். மூடியைத் திறந்து வைத்து, வாயு கலைந்து சூடும் ஆறட்டும் என்று பொறுத்திருந்தார். பர்னர் குழாய்களைக் கழற்றி, பழைய சைக்கிள் பிரேக் கம்பியை உள்ளே விட்டு ஆட்டினார். மண் கொட்டியது. குளவிக்கூடு. அதிலிருந்து காகம் பருமனில் பன்னிரண்டு குளவிகள் எழுந்து, தம்புள்ளைப் பக்கமாக வரிசை கட்டிப் பறந்தன.

"மழ நாள்ல இத மூடி வைக்கலியா?" என்றார் ஹாஜியார்.

"நான்தான் ஹாஜியார். அக்குறணை போற அவசரத்துல உறை போட மறந்துட்டேன், வந்துதான் போட்டேன்."

என் வாயில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது. அது அங்கேயே இருந்தது.

ஹாஜியார் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு, அடுத்த குழாயைத் தானே பிடித்துக்கொண்டார். "ஆட்டுங்க. தப்ப ஒத்துக்கிற வீட்டுல பொண்ணெடுக்கலாம்."

நான்கும் நீலமாக எரிந்தன. கோழி மணத்துக்கு ரிவர்ஸ்டன் பனி விலகியதை அங்கிருந்தோர் சொல்வார்கள், கேட்டுப் பார்க்காதீர்கள்.

எல்லோரும் போனபின் நானா கம்பிகளைத் துலக்கிக்கொண்டே கேட்டார்: "மிளகு நனஞ்சிச்சா?"

"இல்ல நானா."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அதன்பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "உறை போட்டீங்களா நானா?" என்று ஊர் அவரைச் சீண்டியது. அவர் சிரித்தார். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

ஜனாஸா அடக்கம் முடிந்த மறுவாரம் சபீனாவும் அவள் கணவனும் கிரில்லை என் முற்றத்துக்குத் தள்ளிவந்தார்கள்.

"வாப்பா சொல்லி வெச்சாங்க, இது ஒங்களுக்குத்தானாம்."

"எனக்கு ஏன் புள்ள?"

"தெரியா மாமா. ஒங்களுக்கு மட்டும் உறை போட மறக்காதாம். சொல்லிட்டு அப்பிடிச் சிரிச்சாங்க."

ஆக, அந்தப் பிரேக் கம்பியும், பாதி வெங்காயமும், அந்தச் சிரிப்பும் இனி என் பொறுப்பில். இதை எழுதும்போது மழை இறங்குகிறது. பாயில் மிளகு கிடக்கிறது, கிடக்கட்டும். உறை கிரில்லின் மேல் இருக்கிறது. குரங்கு, குளவி, பனி எல்லாம் என் கைச்சரக்கு. உறையை எடுத்தவன் நான் என்பது மட்டும் உண்மை.