அடிக்குரல் கூஸ்

சிங்காநல்லூரில் தகரக் கொட்டகையில் ஒற்றை லேத்தோடு ஆரம்பித்த பம்ப்செட் பட்டறையை இருபது பேர் வேலை செய்யும் இடமாக ஆக்கியவன் நான். துடியலூர்த் தோட்டத்தில் தண்ணீரே வராது என்றார்கள். பாறையை உடைத்துக் கிணறு எடுத்தேன். வீடு கட்டினேன். கோழிக் கொட்டகைக் கதவுக்குக்கூட நானேதான் வெல்டிங் வைத்தேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே பேரிங் போனதைச் சொல்லிவிடுவேன்.

தோட்டத்தில் நாட்டுக்கோழிகள், வாத்துகள், நாலு கினிக்கோழி, ஒரு வான்கோழி, இவற்றோடு ஒரு ஜோடி கூஸ் வாத்தும் இருந்தன. போன மார்கழியில் தெருநாய்கள் புகுந்து ஆண் கூஸைக் கடித்துக் கொன்றுவிட்டன. பெண் கூஸ் அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் போய் நின்றது. கம்பு போட்டாலும் தொடவில்லை. முன்பு அது விரட்டிக்கொண்டிருந்த வாத்துகள் இப்போது அதன் காலடியிலேயே மேய்ந்தன. நோய் எதுவும் இல்லை, ஏக்கம்தான், இப்படியே விட்டால் தாங்காது என்று கால்நடை டாக்டர் சொன்னார். எனக்கு டாக்டர் மேலும் முழு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் அந்தியூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்கு ஆண் கூஸ் தேடிப் போனேன்.

பண்ணைக்காரர் கீச்சென்று கத்துகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இதுதானுங்ண்ணா ஆணு. கூஸ்ல கீச்சுக்குரல்தானுங்க ஆம்பளைக்கு."

பொட்டையைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் ஒன்று அடிவயிற்றிலிருந்து கனமாகக் குரல் கொடுத்தது. "எங்கிட்டயேவா தம்பி? அதைப் புடிங்க" என்றேன். அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கூடையில் வைத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

புதுசை நேராக மந்தையில் விடவில்லை. என்ன சீக்கோடு வந்திருக்கிறதோ என்று மூன்று வாரம் கம்பி வலைக்குள் வைத்தேன். மூக்கு, கண், கால் எல்லாம் தினமும் பார்த்தேன். வலைக்கு உள்ளே ஒரு தீவனத் தட்டும் வெளியே ஒரு தட்டும் ஒட்டினாற்போல வைத்தது என் மனைவி. நாலாம் நாள் பழைய கூஸ் தொட்டியை விட்டு வந்து வெளித்தட்டில் வாய் வைத்தது. கம்புக்காகத்தான் வருகிறது, துணைக்காக இல்லை என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் இரண்டு தட்டையும் எடுத்துவிட்டேன். அப்போதும் சாயங்காலம் வரை வலையை ஒட்டியே படுத்துக் கிடந்தது.

மூன்றாவது வாரம் வலைக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்க ஆம்பள முட்டை வெச்சிருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பெரிய முட்டை. அவளே எங்கேயாவது வாங்கி வந்து வைத்திருப்பாளோ என்று முட்டையைத் தொட்டேன், சூடாக இருந்தது. பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை நீங்கள்தான் கேட்கவில்லை, கொண்டு வாருங்கள், ஆணையே தருகிறேன் என்றார்.

மறுநாள் காலையில் புதுசைக் கூடையில் போட்டு வேனில் ஏற்றினேன். பழையது இறக்கையை விரித்துக் கத்திக்கொண்டே கேட் வரைக்கும் ஓடிவந்தது. கேட்டைச் சாத்திப்போட்டுக் கிளம்பினேன். மேட்டுப்பாளையம் ரோட்டைத் தொடுவதற்குள் மனைவி போன் செய்தாள்.

"தொட்டிகிட்டயே போயி நின்னுக்கிச்சுங்க. வண்டியத் திருப்புங்க."

திருப்பினேன். வலையும் வேண்டாம் என்று சொல்லிக் கூடையை நேராக மந்தைக்கு நடுவிலேயே திறந்தேன். வான்கோழி முறைத்துக்கொண்டு வந்தது. பழையது கழுத்தை நீட்டிச் சீறி அதை விரட்டிவிட்டது. பிறகு இரண்டும் ஒரே தட்டில் கம்பு தின்றன. இன்றைக்கு வரைக்கும் ஒன்றை விட்டு ஒன்று பிரிவதில்லை.

வருகிற உறவுக்காரர்களிடம் தட்டு வைத்த கதையை மனைவி சொல்கிறாள். சொல்லட்டும், தட்டு வைத்தது அவள்தான். என் பங்கு வரும்போது மட்டும், பொட்டையை ஆண் என்று வாங்கி வந்தார் என்று சிரிக்கிறாள். பண்ணைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் கீச்சுக்குரல் அல்லவா வந்திருக்கும்? அதோடு பழையது சேர்ந்திருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பத்துப் பதினைந்து கூஸ் கத்திக்கொண்டிருந்த இடத்தில் இந்த ஒரு சத்தத்தைப் பிடித்தது இந்தக் காது. இனிமேல் அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.