வெலிபோர் கார் துடைத்த கல்யாணக் காலை

வார்வரின் என்ற ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வெலிபோருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு கறுப்புக் கார் இருந்தது. பிள்ளை இருந்திருந்தால் இத்தனை பக்குவமாய்த் தலை துவட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான். கண்ணாடிக்கு ஒரு துண்டு, சக்கரத்துக்கு ஒரு துண்டு, உடம்புக்கென்று தடித்த நீல மைக்ரோஃபைபர் துண்டு. கழுவிய காரில் நிற்கும் தண்ணீரின்மேல் அதை விரித்து, தூங்கும் குழந்தையின் போர்வையை உருவுவதுபோல மெல்ல இழுப்பார். அழுத்தித் தேய்த்தால் கீறல் விழுமாம். தன் முகத்துக்கு மட்டும் சட்டைக்கை போதும்.

பக்கத்து வீட்டுத் திஹோமிருக்கோ துண்டே கிடையாது. கருநீலக் காரைக் கழுவிவிட்டு நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டி வருவார். "காத்துதாண்டா என் துண்டு! துவைக்கவும் வேண்டாம், காயப்போடவும் வேண்டாம்" என்பார்.

வெலிபோரின் தங்கை மகள் ரூஷிட்சா கல்யாணத்தன்று மாமன் வீட்டிலிருந்து தேவாலயத்துக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. குறும்புக்காரி, "எந்தக் கார்ல என் முகம் தெரியுதோ, அதுலதான் ஏறுவேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். மருமகள் திஹோமிர் காரில் போய்விட்டால், வெலிபோர் அப்புறம் காபிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

கல்யாணக் காலை. காரைக் கழுவி முடித்து நீலத் துண்டை விரித்தார். லாவண்டர் மணம் கமகமத்தது. தண்ணீர்தான் இருந்த இடத்திலேயே இருந்தது.

"தெசான்கா! இந்தத் துண்டை என்ன பண்ணித் தொலைச்ச?"

"கல்யாண நாளாச்சேன்னு துணியை மெதுவாக்கற வாசனைத் தண்ணி ஊத்தி அலசினேன். எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாரு!" என்றாள் மனைவி.

"மெத்துன்னு இருந்து என்னத்துக்கு? சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குதே. நல்ல குடிகாரனைப் பிடிச்சு சாமியாராக்கிட்டியே!"

"உன்னைத்தான் ஆக்க முடியல. துண்டையாவது ஆக்கினேனே."

வெயில் ஏறியது. அந்த ஊர் உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் கறுப்புக் காரில் அம்மைத் தழும்பு விழும். வெலிபோர் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே கல்யாண ஊர்வலக் கார்களின் பக்கக் கண்ணாடிகளில் கட்டுவதற்கான வெள்ளைத் துண்டுகள். ஒரு கல்யாணத்தில் வந்த துண்டை மடிப்புக் கலையாமல் அடுத்த கல்யாணத்தில் கொடுப்பதுதான் அங்கே மரியாதை. பாதிரியாரைவிட அதிகக் கல்யாணம் பார்த்த துண்டுகள் அவை. தண்ணீரை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

துடைக்கப் போனதும் பார்க்காத குணத்தைக் காட்டின. ஈரத்தைக் குடிக்காமல் இங்குமங்கும் தள்ளின. போகிற வழியெல்லாம் வெள்ளைப் பிசிறு உதிர்த்தன. இரண்டாவது துண்டு முதல் துண்டின் பிசிறைத் துடைக்கப்போய்த் தன் பங்கையும் சேர்த்தது. கடைசியில் ஈரமெல்லாம் காய்ந்தது. கார் செம்மறியாடு மாதிரி நின்றது.

அதற்குள் ஊர்வலம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. திஹோமிரும் அப்போதுதான் காரைக் கழுவி, பாதி ஈரத்தோடு கொண்டுவந்து நிறுத்தினார்.

"என்னடா வெலிபோர், கார்மேல உட்கார்ந்து வாத்து இறகு பிடுங்கினியா?"

"அலங்காரம்டா, பட்டிக்காட்டானே! எல்லாரும் பூ வைப்பான். நான் பனி வச்சிருக்கேன்."

தெசான்கா அவசரமாய்த் துண்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ரூஷிட்சா வெளியே வந்தாள். கருநீலக் காரில் அவள் முகம் ஜம்மென்று தெரிந்தது. மாமன் காரில் மூக்குகூடத் தெரியவில்லை.

மருமகள் மாமன் காதோரம் குனிந்தாள். "மாமா, அத்தை முதுகுக்குப் பின்னாடி பிசிறு கொட்டுதே, அதுவும் அலங்காரமா?"

"ஏறு தாயி. மானத்தைக் காப்பாத்து."

"முகத்தைப் போட்டோவுல பாத்துக்கறேன், போ" என்று கறுப்புக் காரிலேயே ஏறினாள்.

வெலிபோர் முன்னால் போக, திஹோமிர் வாலைப் பிடித்தாற்போல் ஒட்டிக்கொண்டு வந்தார். வேகம் கூடக் கூடப் பனி பறந்தது. பறந்ததெல்லாம் பின்னால் வந்த ஈரக் காரில் போய் உட்கார்ந்தது. தேவாலய வாசலில் கறுப்புக் கார் பளபளவென்று வந்து நிற்க, கருநீலக் காருக்குக் கம்பளி முளைத்திருந்தது.

வெலிபோர் சாவகாசமாக ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

"காத்துதானே உன் துண்டு? நல்ல துண்டுதான்டா. கொஞ்சம் பிசிறு விடுதுபோல."