கால் மணி நேரம் மறையும் விளக்கு

இங்கே அலுவலகத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளக்கு அணைந்துவிடும். கூரையில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அறையில் அசைவு இல்லையென்றால் ஆளே இல்லை என்று அது முடிவு செய்துவிடும். பனிக்காலத்தில் நடுப்பகலும் மங்கல்தான். எதையோ யோசித்துக்கொண்டிருப்பேன், சட்டென்று இருட்டும். கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். வந்த புதிதில், நான் இருக்கிறேன் என்று ஒரு விளக்குக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பாக இருந்தது.

உத்திரமேரூர் பக்கம் பிறர் கழனியில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை எங்கேயும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். இப்போது சுவிட்சர்லாந்தில், ஒன்பது பேர் மட்டுமே உள்ள ஒரு கம்பெனியில் கேமரா சென்சார் செய்கிறேன். சாதாரண கேமரா போல இது முழுப் படம் எடுக்காது. கண்ணின் நரம்புகளைப் பார்த்துச் செய்தது. எங்கே வெளிச்சம் மாறுகிறதோ அந்தப் புள்ளியை மட்டும் குறித்துக்கொள்ளும். மாறாமல் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

தனியாக வாழும் முதியவர்கள் வீட்டில் விழுந்துவிட்டால் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தலாமா என்று ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்கிறோம். விதவிதமான வீடுகள் தேவைப்பட்டன. நான் எங்கள் வீட்டைக் கொடுத்தேன். அப்பா போனபின் அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். அப்பாவின் காரியத்துக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை. பிறகு போனபோது, பேட்டரியிலும் ஓடும் சென்சாரை நானே சுவரில் மாட்டினேன். ஒப்புதல் தாளில் அம்மா கைநாட்டு வைத்தாள். "உன் மூஞ்சி யாருக்கும் தெரியாதும்மா" என்று சொல்லித்தான் வைக்கச் சொன்னேன்.

எதிர்ச் சுவரில் அப்பாவின் படம். அவருக்கென்று ஒரு போட்டோ இல்லாததால் வோட்டர் கார்டிலிருந்து பெரிதாக்கியது. அதன் கீழே ஒரு சிவப்பு பல்பு, இரவும் பகலும் எரியும். நம் கண்ணுக்கு அது நிலையாக எரிவதுபோல் இருக்கும். உண்மையில் கரண்டில் எரியும் பல்பு ஓயாமல் மினுங்குகிறது. எங்கள் சென்சார் அதைப் பிடித்துக்கொண்டது. இங்கே அலுவலகத் திரையில் அந்த மூலை முழுக்கப் புள்ளிகள் கொதித்தன.

"இது என்ன கோளாறு?" என்றான் கூட வேலை செய்யும் மார்க்குஸ்.

"என் அப்பா" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து, "மன்னித்துக்கொள். எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்டான். அவர் இல்லை என்பதையும், இல்லாதவருக்குத்தான் அந்த விளக்கு என்பதையும் விளக்கினேன். தலையாட்டினான். புரிந்ததா என்று தெரியவில்லை.

சில நாள் கழித்து அவனே ஒன்றைக் காட்டினான். தினமும் எங்களுக்கு மதியமாகும்போது, ஊரில் நாலரை மணிக்கு, அந்தக் கொதிப்பு கால் மணி நேரம் அடங்கிவிடுகிறது. "இந்தியாவில் மின்வெட்டு" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் என்றால் உடனே மின்வெட்டா? அம்மாவுக்கு போன் போட்டேன்.

"தெனம் நாலரைக்குக் கரண்டு போவுதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் போவல. இன்னாத்துக்குக் கேக்குற?"

"அப்பா வெளக்கு அந்த நேரத்துல தெரியலியே."

"அடி இவளே! நான்தான் அங்க குந்திக்கினு கீறேன். கழனிலேர்ந்து வந்து, மூஞ்சி கழுவி, நல்ல பொடவையா கட்டிக்கினு, அப்பா படத்தாண்ட சேரைப் போட்டுக்கினு குந்துவேன். நீ பாப்பேன்னுதான். ஆடாம அசையாம குந்தறேன். ஆடினா போட்டோ கலைஞ்சிடும்ல?"

"மூஞ்சி தெரியாதுன்னு சொன்னேனேம்மா" என்றேன்.

"அது ஊராருக்கு. பெத்த பொண்ணுக்குமா தெரியாது? பெரிய படிப்பு படிச்சவ, இன்னா கேள்வி கேக்குறா பாரு." சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. "எனுக்கும் உங்கப்பாவுக்கும் ஜோடியா ஒரு போட்டோ இல்ல. அதான் அவுருக்குக் கீய குந்தறேன். ரெண்டு பேரும் ஒண்ணா தெரியறோமா?"

அவள் தலைதான் பல்பை மறைத்திருக்கிறது. அவள் மூச்சில் எழும் ஒன்றிரண்டு புள்ளிகளை இரைச்சல் என்று நான் எழுதிய நிரலே துடைத்துவிட்டிருக்கிறது. நான் பார்ப்பதற்காக அவள் எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாளோ, அவ்வளவுக்கு எனக்குத் தெரியாமல் போயிருக்கிறாள்; அப்பாவின் விளக்கையும் மறைத்துக்கொண்டு.

"தெரியறீங்கம்மா. நல்லா தெரியறீங்க" என்றேன்.

அந்த வாரம் மார்க்குஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்தக் கொதிப்பு மற்ற அசைவுகளைக் கெடுக்கிறது. ஒன்று விளக்கை அணைக்கச் சொல், இல்லையென்றால் அந்த மூலையைக் கணக்கில் சேர்க்காமல் மறைத்துவிடு. அப்பாவின் விளக்கை அணை என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்சாரைக் கழற்றிவிட்டால் அவள் விழுந்தால் சொல்ல அங்கே யாருமில்லை. அந்த மூலையை மறைக்கும் நான்கு வரி நிரலை நானே எழுதினேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது அந்த மூலையில் அப்பா இல்லை. நாலரைக்கு அம்மா வந்து உட்கார்ந்தாலும், எழுந்து போனாலும் எதுவும் மாறுவதில்லை.

உண்மையை இன்னும் சொல்லவில்லை. போனில் ஒருமுறை, "நேத்து பச்சைப் பொடவ கட்டிக்கினேன், பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் நான் மட்டும் இருக்கையில் இருக்கிறேன். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, அவள் உட்கார்வதுபோல் உட்கார்கிறேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைகிறது. நான் கையைத் தூக்குவதில்லை. நேற்று மார்க்குஸ் சீக்கிரம் திரும்பிவிட்டான். வாசலில் நின்றபடியே உள்ளே கையை நீட்டி ஆட்டினான். வெளிச்சம் வந்ததும் திடுக்கிட்டுப் பார்த்தான்.

"நீ இங்கேயா இருக்கிறாய்?" என்றான்.