மேகத்துக்குள் வைத்த படம்

எல்லையில் சண்டை தொடங்கிய வாரம் நான் உத்திரமேரூரில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளை, லாரி, பந்தல் என்று எதிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. இங்கே சவுக்குக் கம்பில் சட்டம் அடித்து, பேனரைக் கட்டிவிட்டு வருவது என் வேலை.

அந்த வாரம் எல்லா ஊர்க்காரர்களும் ஒரே மாதிரிப் பேனர் கேட்டார்கள். பட்டாளத்து உடுப்பில், கையில் துப்பாக்கியோடு ஒரு குழந்தை. மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்குத் தரும் ஒரே உடுப்பு எத்தனையோ பிள்ளைகளின் உடம்பில் ஏறி இறங்கியது.

பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையை அழைத்துவந்தார்கள். அவள் அப்பா நிஜமாகவே பட்டாளத்தில், எல்லையில் இருந்தார். ஆறு நாளாக அவருடைய போன் அணைந்து கிடந்தது. அதையும் சொல்லித்தான் அழைத்துவந்தார்கள்.

துப்பாக்கி பிளாஸ்டிக். விசையை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டுப் பாடும். பாடும்போதெல்லாம் அவள் சிரித்தாள்.

“கோவமா பாரு பாப்பா. பல்ல காட்டினா எதிரி பயப்புடுவானா?” என்றார் படம் எடுத்து டிசைன் செய்யும் அண்ணன்.

பேட்டரியைக் கழற்றினோம். அப்போதும் சிரித்தாள்.

கட்ட வேண்டிய பேனர்கள் இன்னும் மூன்று கிடந்தன. நான் குனிந்து அவள் காதருகே சொன்னேன்: “உங்கப்பாவ சுட்டுட்டாங்க. சுட்டவன் தோ நிக்கிறான். இன்னா பண்ணுவ?”

முகம் மாறியது. ஒரே படத்தில் வேலை முடிந்தது.

“பலே ஆளுய்யா நீ,” என்றார் அண்ணன்.

அவர்கள் கொடுத்த அப்பாவின் படத்தைப் பேனரில் அவள் பக்கத்தில் வைக்கத் துப்பாக்கிக் குழல் இடம் விடவில்லை. “மேல போடுணா, மேகத்துல,” என்று சொன்னதும் நான்தான். கண்ணீர் அஞ்சலி பேனர்களில் செத்தவர்களை வைக்கும் இடம் அது. நூறு கட்டியிருப்பேன். அன்று தோன்றவில்லை.

மறுநாள் காலை அந்தப் பேனரை அவர்கள் ஊர்க் கூட்டுரோட்டில் கட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. தம்பியைப் பற்றிச் சேதி கேட்கத் திருமுக்கூடலிலிருந்து வந்த, குழந்தையின் அப்பாவுடைய அக்கா இறங்கினார். பேனரைப் பார்த்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார்.

“எந்தம்பி பூட்டானே!”

சத்தம் கேட்டு அந்தக் குழந்தையின் அம்மா ஓடிவந்தாள். பின்னாலேயே குழந்தையும்.

“அண்ணி, உங்களுக்குப் போன் வந்துச்சா அண்ணி? யாரு பண்ணாங்க?”

அக்கா இன்னும் ஓங்கி அழுதார். அந்த அழுகையே அவளுக்குப் பதிலாகப் போய்விட்டது. அவளும் அழ, சந்தேகத்தில் நின்றவர்களும் நம்பிவிட்டார்கள். யாரோ அவர்கள் வீட்டு முன்னால் நாற்காலி போடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“யம்மா, அது சும்மா பேனர்மா. நாந்தான் மேல வெக்க சொன்னேன்,” என்று கத்தினேன்.

குழந்தை என்னைக் காட்டினாள். “அப்பாவ சுட்டுட்டாங்களாம். இந்த அண்ணன்தான் நேத்து சொன்னாரு.”

அவள் அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

“உங்களுக்கு யாரு சொன்னதுணா?”

“யாரும் சொல்லலம்மா. பாப்பா சிரிச்சிக்கினே இருந்துச்சி. போட்டோவுக்கோசரம் சொன்னேன்.”

“மறைக்காதீங்கணா. தெரிஞ்சிதான போட்டுக்கீறீங்க?”

“வாயாடா அது?” என்றார் அக்கா. “பச்சப் புள்ளகிட்ட சொல்ற பேச்சா?”

குழந்தையின் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது. ஏறிக் கயிற்றை அறுத்தேன். அதில் அவர் முகம் இருந்ததால் கிழிக்கக் கை வரவில்லை. குழந்தையின் அம்மா அதை வாங்கி, முகம் உள்பக்கம் இருக்கும்படி மடித்து எடுத்துப்போனாள்.

நான்காம் நாள் குழந்தையின் அப்பா போனில் பேசினார். கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றாள்.

“எங்ககிட்டல்லாம் பேசிட்டாரு. இவதான் போன வாங்கல. வேற யாரோ பேசறாங்கன்றா. நீங்கதான சொன்னீங்க, நீங்களே வந்து சொல்லுங்க.”

உள்ளே போய்க் குழந்தையின் எதிரில் உட்கார்ந்தேன். “உங்கப்பா நல்லா கீறாரு பாப்பா. நான் அன்னிக்கி சொன்னது பொய்.”

எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

“இதுவும் போட்டோ புடிக்கவாண்ணா?” என்று கேட்டாள்.

பேனர் கட்ட நேரமாகிவிட்டது என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.